குறுகிய நாள்களில் தீவிர இ.எம்.டி.ஆர். சிகிச்சை: கேள்விகளும் பதில்களும்

கலங்கடிக்கும் நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்களை இடமும் வலமுமாக அசைத்து அதன் தாக்கத்தைக் குறைப்பது, மன அதிர்ச்சிக்கான இ.எம்.டி.ஆர். சிகிச்சை. அதை வாரம் ஒரு முறை என்று மாதக்கணக்கில் கொண்டுசெல்லாமல், சில நாள்களுக்குள் அடுத்தடுத்து அளிக்கும் முறை இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அது குறித்துப் பலர் கேட்ட கேள்விகளுக்கு மருத்துவ உளவியலாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

பள்ளி ஆசிரியை, திருச்சி: வணக்கம் மேடம். வழக்கமான இ.எம்.டி.ஆர். சிகிச்சைக்கும் தீவிர முறைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் வெவ்வேறு சிகிச்சைகளா?

வணக்கம். சிகிச்சை ஒன்றுதான், கால அட்டவணை மட்டுமே வேறு. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் இதற்கான முதல் அவதானிப்பைச் செய்து, 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். அவர் வகுத்த எட்டுக் கட்டங்கள் இரண்டு முறைகளிலும் அப்படியே இருக்கும். வழக்கமான முறையில் வாரத்துக்கு ஒரு முறை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் சந்திப்போம். தீவிர முறையிலோ ஒரே நாளில் பல மணி நேரம், தொடர்ந்து சில நாள்கள் அந்த வேலை நடக்கும். சிகிச்சைக்கான மொத்த நேரத்தை யாரும் மாயமாகக் குறைத்துவிடவில்லை. அமர்வுகளுக்கு இடையில் விழும் ஆறு நாள் இடைவெளியைத்தான் எடுத்துவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் பலர் தயங்கி, 'இந்த வாரம் வேண்டாம்' என்று தள்ளிப்போட்டு, ஒரு கட்டத்தில் வராமலே நின்றுவிடுகிறார்கள். தீவிர முறையின் முதன்மையான பயனாக நான் கருதுவது, தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அதை முடித்துவிடுகிறார்கள் என்பதையே.

மென்பொருள் பொறியாளர், சென்னை: எட்டே நாளில் பி.டி.எஸ்.டி. (மன அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்) குணமாகிவிடும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது வெறும் வியாபாரமா?

ஆதாரம் உண்டு. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எட்டு நாள்' என்ற கணக்கு நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கே பில்தோவன் என்ற ஊரில் ஆக்னஸ் வான் மின்னன், ஆட் டே யோங் ஆகிய உளவியலாளர்களின் வழிகாட்டுதலில் ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தப்பட்டது. வாரத்துக்கு நான்கு நாள்கள் வீதம் அடுத்தடுத்த இரண்டு வாரங்கள் நோயாளிகள் அங்கேயே தங்குவார்கள். இடையில் வீட்டுக்குப் போய் வருவார்கள். காலையில் 90 நிமிடங்கள், நடந்ததை நிகழ்காலத்தில் விவரித்து நினைவை நேராக எதிர்கொள்ளும் சிகிச்சை. பிற்பகலில் 90 நிமிடங்கள் இ.எம்.டி.ஆர்.; இவற்றுக்கு இடையே உடற்பயிற்சியும், குழுவாக அமர்ந்து நோயைப் பற்றிக் கற்பதும் இருந்தன. ஒரே சிகிச்சையாளர் எல்லா அமர்வுகளையும் நடத்துவதில்லை. ஒவ்வோர் அமர்வையும் வேறொருவர் நடத்துவார். நோயாளி ஒரே நபரைச் சார்ந்துவிடாமலும், சிகிச்சையாளர் நோயாளிமீதுள்ள இரக்கத்தால் கடினமான நினைவைத் தள்ளிப்போடாமலும் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது என்பது அவர்களின் வாதம்.

இதில் 347 பேரின் முடிவுகள் 2018இல் வெளியாயின. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர்; பாதிக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் பின் பி.டி.எஸ்.டி. என்று கண்டறிவதற்கான வரையறைக்குள் வரவில்லை. பாதியில் விட்டுச் சென்றவர்கள் மிகச் சிலரே. இவர்களில் பெரும்பாலோர் பாலியல் வன்முறை உட்படப் பல கொடுமைகளை அனுபவித்தவர்கள் என்பதை நினைத்தால், இந்த முடிவு எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருகிறது. இருந்தாலும் மூன்று விஷயங்களை விளம்பரம் உங்களுக்குச் சொல்லியிருக்காது. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. பலன் இ.எம்.டி.ஆரால் மட்டும் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாதிக்கும் மேற்பட்டோர் என்றால், எஞ்சியவர்களுக்கு நோய் அந்த எட்டு நாளில் தீரவில்லை என்பதும் அதற்குள் அடக்கம். ஆகவே 'குணமாகிவிடும்' என்று உறுதியளிப்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

அடுத்தடுத்த நாள்களில் சிகிச்சை அளிப்பது மனத்தை நொறுக்கிவிடாது என்பதற்கு வேறு இடத்திலிருந்தும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆங்கே ஏலர்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு நாள்களில் அளித்த அறிவாற்றல் சிகிச்சையும் (எண்ணங்களை மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) மூன்று மாதங்களில் அளித்த அதே சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அது இ.எம்.டி.ஆர். அல்ல என்றாலும், வேகம் ஆபத்து என்ற பழைய அச்சத்தை அது வெகுவாகத் தளர்த்துகிறது.

கல்லூரி மாணவர், மதுரை: டாக்டர், அமர்வுக்குள் உண்மையில் என்ன நடக்கும்? ஹிப்னாடிசம் போல மயக்கிவிடுவார்களா?

மயக்கம் எதுவும் இல்லை. முழு விழிப்போடு இருப்பீர்கள், வேண்டியபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லலாம். ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பேருந்து விபத்தில் தப்பிய ஒருவர் வந்திருக்கிறார் என்று வையுங்கள். முதலில் அவர் கதை முழுவதையும் கேட்பதில்லை. அந்த நினைவில் இப்போதும் மிகவும் கலங்கடிக்கும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். அவர், முன் இருக்கையில் இருந்த சிறுமியின் ஒற்றைச் செருப்பு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்ததைச் சொல்கிறார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது தன்னைப் பற்றி அவருக்குத் தோன்றும் வாக்கியம்: 'நான் காப்பாற்றியிருக்க வேண்டும்.' அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறார் என்று கேட்டால், 'என்னால் முடிந்ததைச் செய்தேன்' என்கிறார். ஆனால் அது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கு ஏழுக்கு இரண்டுதான் தருகிறார். கலக்கம் பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில் ஒன்பது. அது நெஞ்சில் அழுத்துகிறது.

பிறகு சிகிச்சையாளர் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, அவர் முகத்துக்கு முன்னால் இரண்டு விரல்களை இடமும் வலமுமாக அசைப்பார்; அவர் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பாமல் கண்களால் விரல்களைத் தொடர்வார். அரை நிமிடம் போலச் சென்றதும் நிறுத்தி, 'இப்போது என்ன வருகிறது?' என்று மட்டும் கேட்போம். அவர் 'சத்தம் கேட்கிறது' என்றோ, 'வயிறு இறுகுகிறது' என்றோ, 'என் தம்பி நினைவுக்கு வருகிறான்' என்றோ சொல்வார். அதற்கு நாங்கள் விளக்கமோ ஆறுதலோ சொல்வதில்லை. 'அதையே கவனியுங்கள்' என்று சொல்லி மறுபடியும் தொடங்குவோம். கலக்கம் பூச்சியத்துக்கு வந்த பிறகு, அவர் நம்ப விரும்பிய வாக்கியத்தை அந்தக் காட்சியோடு சேர்த்து அதேபோல வலுப்படுத்துவோம். இறுதியில் தலை முதல் கால் வரை உடலில் எங்காவது இறுக்கம் மீந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். தீவிர முறையில், இந்தக் காட்சி அடங்கியதும் அடுத்த கடினமான காட்சிக்கு அன்றைக்கோ மறுநாளோ போய்விடலாம்.

வங்கி ஊழியர், கோவை: கண்ணை அசைத்தால் மனக்காயம் ஆறும் என்பது அறிவியலா?

இந்தச் சந்தேகம் நியாயமானது, பல ஆண்டுகள் ஆய்வாளர்களிடமும் இருந்தது. தற்போது வலுவாக உள்ள விளக்கம், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் மார்செல் வான் டென் ஹவுட், இரிஸ் எங்கெல்ஹார்ட் ஆகியோரின் ஆய்வுகளை ஒட்டியது. நாம் ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்துக் கையாளக்கூடியது குறைந்த அளவே. ஒரு காட்சியை நினைத்துக்கொண்டே கண்களுக்கும் வேலை கொடுத்தால் இரண்டும் அதே குறைந்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன. காட்சியின் துலக்கமும் அது கிளப்பும் உணர்ச்சியும் மங்குகின்றன, மங்கிய வடிவிலேயே நினைவு மறுபடியும் பதிகிறது. எண்களைத் தலைகீழாக எண்ணுவது போன்ற வேலையும் ஆய்வுக்கூடத்தில் இதே விளைவைத் தந்திருக்கிறது. ஆகவே கண்ணில் தனி மந்திரம் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013 முதல் பி.டி.எஸ்.டி.க்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்து வருகிறது.

டொரன்டோவிலிருந்து ஓர் ஈழத்தமிழர்: ஐம்பது வயதாகிறது. ஒரு நிகழ்வல்ல, போர், தடுப்பு முகாம், இழப்புகள் என்று பல ஆண்டுகள். 'முதலில் மனத்தை நிலைப்படுத்த வேண்டும், நினைவுகளைத் தொடக்கூடாது' என்று ஒரு சிகிச்சையாளர் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார். நான் தகுதியற்றவனா?

நிச்சயமாக இல்லை. சிக்கலான மன அதிர்ச்சி உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் நிலைப்படுத்தும் கட்டம் கட்டாயம் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஆட் டே யோங் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட கட்டுரை வாதிட்டது. மாற்றுக் கருத்து உடையவர்களும் இத்துறையில் உண்டு. மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ள 155 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்விலேயே, நீண்ட முன்தயாரிப்பு இல்லாமல் எட்டு அமர்வுகளில் நினைவுகளை எதிர்கொள்ளும் சிகிச்சை பாதுகாப்பாக நடந்தது. இத்தனைக்கும் பிறகு ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாசலிலேயே நிறுத்தி வைப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் சிகிச்சையாளரிடம், எந்தக் குறிப்பிட்ட ஆபத்து கருதித் தள்ளிப்போடுகிறார், எது மாறினால் தொடங்குவார் என்று நேராகக் கேளுங்கள். அண்மையில் தற்கொலை முயற்சி, இன்னும் தொடரும் வன்முறை, கட்டுக்கடங்காத போதைப் பழக்கம், நேரம் போனதே தெரியாமல் நினைவு தப்பும் நிலை ஆகியவை இருந்தால் அவற்றை முதலில் கவனிப்பது நியாயம்தான். அப்படி எதுவும் இல்லையென்றால் வேறொருவரின் கருத்தையும் கேட்பது உங்கள் உரிமை. பல நிகழ்வுகள் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தொட வேண்டியதில்லை. இன்றைய கனவுகளையும் அச்சத்தையும் பிறப்பிக்கும் சிலவற்றை வரிசைப்படுத்தினாலே போதும். தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லது. நினைவு எந்த மொழியில் பதிந்ததோ அந்த மொழியில் பேசும்போது காட்சி தெளிவாக எழும்.

இல்லத்தரசி, சேலம்: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதை நிறுத்தினால்தான் சேர்ப்பார்களா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகள் அமர்வின்போது உணர்ச்சி எழுவதை மழுங்கடிக்கக்கூடும். ஆனால் அவற்றைத் திடீரென விட்டால் வலிப்பு வரை போகலாம். உங்கள் மனநல மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் மட்டுமே குறைக்க வேண்டும்.

ஒரு தந்தை, திருநெல்வேலி: என் மகனுக்குப் பத்து வயது. நாய் கடித்ததிலிருந்து வெளியே போகவே அஞ்சுகிறான். இவ்வளவு தீவிரமான சிகிச்சை தேவையா?

தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ஒற்றை நிகழ்வால் பாதிக்கப்பட்ட 8 முதல் 18 வயது வரையானவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், 45 நிமிட அமர்வுகள் அதிகபட்சம் ஆறே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருந்தன. குழந்தைகளிடம் பழகிய உளவியலாளரைப் பாருங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், புதுச்சேரி: இங்கே யாரிடம் போவது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? யூடியூபில் ஒளிப்புள்ளி நகரும் காணொளிகளை வைத்து நானே செய்துகொள்ளலாமா?

மோசமான நினைவை எழுப்பிவிட்டு அதை மூட ஆளில்லாமல் தனியே உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஆகவே காணொளியை வைத்துச் செய்ய வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ தேடுங்கள். இ.எம்.டி.ஆர். பயிற்சியை முழுமையாக முடித்தாரா, மேற்பார்வையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எந்த அளவுகோலால் அளப்பார், இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைக்கலாம், முடிந்த பிறகு எத்தனை தொடர்சந்திப்புகள் உண்டு என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் தீவிர முறையை ஏற்காதீர்கள். அங்கே வாரம் ஒரு முறை போவதே பாதுகாப்பு. உடனடி மனநல உதவிக்கு இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், இலங்கையில் 1926 என்ற எண்ணும் உள்ளன.

ஒரு கணவர், ஈரோடு: என் மனைவி அடுத்த மாதம் ஐந்து நாள் தீவிர சிகிச்சைக்குப் போகிறார். வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நீங்கள் இதைக் கேட்டதே அவருக்குப் பெரிய பலம். அந்த நாள்களில் சமையல், குழந்தைகள், விருந்தினர் ஆகிய பொறுப்புகளை வேறொருவர் ஏற்கட்டும். அவர் தானே வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள்களில் கனவுகள் கூடலாம், காரணமில்லாமல் அழலாம், கடுமையாகக் களைத்துப்போகலாம். பெரும்பாலும் அது சில நாள்களில் தணிந்துவிடும், நோய் முற்றியதாக எண்ணிப் பதறி நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அன்றிரவே சிகிச்சையாளரை அழையுங்கள். உள்ளே என்ன சொன்னார் என்று துருவிக் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். வேலைக்குத் திரும்புவதை ஒரு வாரமாவது தள்ளிவையுங்கள். ஐந்தாம் நாள் மாலையே மாறிவிட்டாரா என்று அளக்க வேண்டாம். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து சிகிச்சையாளர் மறுபடியும் அளவெடுப்பார், அந்தச் சந்திப்புக்கு நீங்களும் உடன் சென்று, அவர் தூக்கத்திலும் முன்பு தவிர்த்த இடங்களுக்குப் போவதிலும் நீங்கள் கண்ட மாற்றங்களைச் சொல்லுங்கள்.