சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள்: வன்கொடுமைச் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

பண்ருட்டியிலிருந்து: டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்க என் தம்பியைச் சாதி சொல்லித் திட்டினார்கள். ஸ்டேஷனில் ரசீது கொடுத்தார்கள். கேஸ் ஆகிவிட்டதா வக்கீல் சார்?

ஆகவில்லை தம்பி. அது சி.எஸ்.ஆர்., மனு வந்ததற்கு ரசீது, அவ்வளவுதான். பட்டியல் சாதி, பழங்குடியினரைக் காக்கும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தில் வந்த 18ஏ பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லியே கேளுங்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘இழிவாகப் பேசினார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். கடைக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள் பெயரும் வேண்டும். வெளியாள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் திட்டினால், சாதி சொல்லித் திட்டுவதற்கான பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அந்த பெஞ்சுதான் உங்கள் வழக்கு.

நெய்வேலியிலிருந்து: சி.எஸ்.ஆர். வாங்கி மூன்று மாதம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். கூப்பிட மாட்டார்கள்.

பாகூரிலிருந்து: நாங்கள் இருளர். சாதிச் சான்றிதழ் இல்லை.

புகாரைக் கொடுங்கள், அதற்குச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் வழக்கு நிற்கச் சான்றிதழ் வேண்டும். புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016இல்தான், அதனால் இப்போதே தாசில்தாரிடம் மனுப் போடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: ஜெபக் கூட்டத்தில் புகுந்து கலாட்டா செய்தார்கள். இந்தச் சட்டம் வருமா?

இது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான சட்டம். உங்களுக்குப் பொதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவு, பேச்சைப் பொறுத்து 196, 299.

விருத்தாசலத்திலிருந்து: பி.சி.ஆர்., அதாவது இந்த வன்கொடுமை கேஸ் என்றாலே பொய் கேஸ். ஒரே ஊர்க்காரர்கள் பேசித் தீர்க்கலாமே?

வழக்கு தோற்றால் அது பொய் வழக்கு என்று ஆகாது. சாட்சி பிறழ்ந்தாலும் தோற்கும். அவர் கூலிக்குப் போகும் முந்திரித் தோப்பு எதிராளியுடையது என்றால் எப்படி நிற்பார்? உங்கள் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து காதல் திருமணம் செய்த கண்ணகியையும் முருகேசனையும் 2003இல் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. தண்டனை பெற்றவர்களில் போலீஸாரும் உண்டு. 2025இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள்தான் என்று உறுதி செய்தது. அந்த ஊரில் யாரோடு பேசித் தீர்த்திருப்பார்கள்?

மீண்டும் விருத்தாசலம்: அது கொலை. நான் சொல்வது வாய்ச்சண்டை.

2020இல் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி. யாரும் அடிக்கவில்லை. போட்டோ வெளியே வந்த பிறகுதான் வழக்கு வந்தது. அதுவரை அந்த ஊரில் எல்லாம் ‘பேசித் தீர்ந்து’தான் இருந்தது. ஊர் பேசட்டும், நல்லது: கடையில் சாமான் மறுக்கக் கூடாது, தண்ணீரை நிறுத்தக் கூடாது, பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்குப் போக வேண்டும். எப்.ஐ.ஆருக்குப் பதிலாக ராஜிப் பத்திரம் நீட்டுகிற பேச்சுக்கு மட்டும் போகாதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து: எதிரி ஜாமீன் கேட்டால் எனக்குத் தெரியவருமா?

தெரிவித்தாக வேண்டும். நீதிமன்றத்தில் உங்கள் தரப்பைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, இந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு. மிரட்டல் இருந்தால் அன்றைக்கே அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கொடுங்கள்.

புவனகிரியிலிருந்து: சி.எஸ்.ஆர். போதுமா சார்?

போதாது. எப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், இலவசம்.