கிக்கர் சும்மா கீழ போவுதா? இன்ஜின பிரிக்க முன்னாடி இத பாருங்க

கேள்வி: அண்ணாச்சி, அப்பா ஓட்டுன பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒண்ணு வீட்டுல கெடக்கு. நமக்கு கொளச்சல் பக்கமாக்கும். கிக்கர சவுட்டுனா சில நேரம் பிடிக்கும், பல நேரம் ஒரு பிடிமானமும் இல்லாம சும்மா கீழ போயிருது. மெக்கானிக் பாத்துட்டு இன்ஜின ரெண்டா பிரிச்சு கிக்கர் பல்ல மாத்தணும்னு சொல்லுதாரு, ஒருபாடு செலவு வரும் போல. பிரிச்சுதான் ஆவணுமா?
- கொளச்சல் வாசகர்

பதில்: பிரிக்க வேண்டி வரலாம், வராமலும் போலாம். சேத்தக் 1972ல வரும்போதே வெஸ்பா ஸ்பிரிண்ட்ங்கிற இத்தாலி ஸ்கூட்டரோட அமைப்புல வந்த வண்டி. இதுல நீங்க சவுட்டுற விசை நேரா கிராங்குக்கு (பிஸ்டனோட சேந்து சுத்துற இன்ஜின் தண்டு) போவாது, கிக்கர் பல்லு கியர்பாக்ஸ் பல்ல சுத்தும், அது கிளட்ச சுத்தும், கிளட்ச் பிடிச்சாதான் கிராங்கு சுத்தும். கிளட்ச் லிவர பிடிச்சுக்கிட்டு சவுட்டுனா ஸ்டார்ட் ஆவாதது இதனாலதான். அப்போ பல்லு தேஞ்சாலும் கிக்கர் சும்மா போவும், கிளட்ச் வழுக்குனாலும் சும்மா போவும். காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், செலவுலதான் பெரிய வித்தியாசம்.

மொதல்ல கிக்கர் லிவரும் தண்டும் சேருற எடத்துல சாக்பீஸ்ல ரெண்டுக்கும் சேத்து ஒரு கோடு போடுங்க. சவுட்டுனதும் கோடு விலகிருந்தா லிவர்தான் தண்டு மேல வழுக்குது, போல்ட்ட டைட் பண்ணுங்க, உள்பல்லு தேஞ்சிருந்தா லிவர் மட்டும் புதுசு வாங்குங்க, அம்புட்டுதான்.

கோடு விலகலன்னா சாவிய ஆஃப் பண்ணிட்டு இன்ஜின் பக்கத்து மூடிய கழட்டி, கிராங்கோட சேந்து சுத்துற கூலிங் ஃபேன ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே சவுட்டுங்க. ஃபேன் சுத்துது, ஆனா கால்ல கனமே இல்லன்னா கிக்கர்ல ஒரு தப்பும் இல்ல, கம்ப்ரஷன்தான் (பிஸ்டன் உண்டாக்குற அழுத்தம்) போயிருக்கு, பிஸ்டன் ரிங்க பாக்கணும். ஃபேன் அசையவே இல்லன்னா மூணாவது கியர போட்டு, கிளட்ச விட்டுட்டு வண்டிய தள்ளுங்க. இப்போ ஃபேன் நல்லா சுத்துனா கிளட்ச் பிடிக்குதுன்னு அர்த்தம், அப்போ உங்க மெக்கானிக் சொன்னது சரி. சவுட்டும்போது கர்ரு கர்ருன்னு சத்தமும் கேட்டா சந்தேகமே வேண்டாம், பல்லு போச்சு. வீல் மட்டும் உருண்டு ஃபேன் சும்மா நின்னா கிளட்ச்தான் வழுக்குது, அதுக்கு இன்ஜின பிரிக்கவே வேண்டாம், கிளட்ச் மூடிய மட்டும் தொறந்தா போதும்.

அந்த மூடியையும் ஒடனே தொறக்காதீங்க. கொளச்சல்னு சொன்னதால சொல்லுதேன், உப்புக்காத்துல கிளட்ச் கேபிள் உள்ளுக்குள்ளயே துரு பிடிச்சு முழுசா திரும்பாம நிக்கும், நீங்க லிவர விட்டாலும் அத பாதி அழுத்தி வச்ச மாதிரியே இருக்கும். லிவர் ஆரம்பத்துல கொஞ்சம் லூசா ஆடணும், ஆடலன்னா கேபிள உறையோட மாத்திட்டு திரும்ப சவுட்டி பாருங்க. அடுத்தது ஆயில். இந்த வண்டியில கிளட்ச் கியர் ஆயில்லயே முங்கி கெடக்கு, கார்ல ஊத்துற வழுவழு ஆயில் ஊத்துனா வழுக்கத்தான் செய்யும். பழசு முழுக்க வடிச்சுட்டு எஸ்ஏஇ 30 ஆயில் கால் லிட்டர் ஊத்துங்க. அப்புறமும் வழுக்குனா கார்க் பிளேட்டும் ஸ்பிரிங்கும் சேத்து மாத்துங்க, புது பிளேட்ட ஒரு ராத்திரி ஆயில்ல ஊற வச்சுட்டு போடணும். கிளட்ச் நட்டுக்குன்னே தனி ஸ்பேனர் உண்டு, உளிய வச்சு தட்டி கழட்டுறவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

பல்லுதான்னு உறுதியானா செலவ பாக்காம ஒரே தடவையா முடிங்க. ரெண்டு பல்லும், அதோட ஸ்பிரிங்கும், கிக்கர் வந்து இடிக்கிற ரப்பரும், ஆயில் சீல், பேக்கிங் எல்லாமும் புதுசு. பழைய பல்ல கையோட கொண்டு போயி எண்ணி ஒப்பிட்டு வாங்குங்க, வெஸ்பா சாமான்னு சொல்லி தாரது எல்லாம் இதுல சேராது.

கேள்வி: காலையில ஸ்கூட்டர ஒரு பக்கமா சாய்ச்சு வச்சுட்டு சவுட்டுனாதான் ஸ்டார்ட் ஆவுது. அந்த காலத்துல எல்லாரும் இப்படித்தான செஞ்சாங்க, விட்டுரலாமா?
- தக்கலை வாசகர்

பதில்: செஞ்சாங்க, ஊரே சாய்ச்சுச்சு. சாய்க்கும்போது கார்புரேட்டர்ல பெட்ரோல் கூடுது, குளிர்ந்த இன்ஜினுக்கு அதுதான் தேவை. ஆனா அந்த வேலைய செய்யத்தான் சோக் இருக்கு. சோக் கேபிள் முழுசா இழுக்குதான்னு பாருங்க, கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டையான பைலட் ஜெட்ட கழட்டி காத்து அடிங்க (ஊசி போட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிரும்). டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல் குழாயும் அடைச்சிருக்கும், ரொம்ப நாள் நின்ன வண்டின்னா மொதல்ல அதத்தான் பாக்கணும்.

கேள்வி: கிக்கர் திருப்பி அடிக்குது, காலு வீங்கிப்போச்சு!
- குலசேகரம் வாசகர்

பதில்: டைமிங், அதாவது பிளக்குல தீப்பொறி வர்ற நேரம், முந்திப்போச்சு. பாயின்ட் கேப் (தீப்பொறிய உண்டாக்குற காண்டாக்ட் பாயின்ட் திறக்குற இடைவெளி) கூடிப்போனாலும் இப்படி அடிக்கும், ஃபிளைவீல் உள்ள இருக்குற அரைநிலா சாவி அறுந்து வீல் நகந்தாலும் அடிக்கும். சரி பண்ற வரைக்கும் ரெண்டாவது கியர்ல தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க, செருப்பு போட்டு சவுட்டவே வேண்டாம்.