டான்யூப் கரையில் குதிரை வித்தை: காசு கொடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு டான்யூப் ஆற்றில் கப்பல் பயணம் போகிறோம். புடாபெஸ்ட்டில் ஏறி, பெல்கிரேடு வரை போய்த் திரும்புகிறோம். நடுவில் ஹங்கேரியின் கலோச்சாவில் அரை நாள் நிற்குமாம். அங்கே குதிரை வித்தைக்குத் தனிக் கட்டணம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. குதிரைகளைச் சாட்டையால் அடிப்பார்களோ என்று மகள் வர மறுக்கிறாள். நாங்கள் சைவம். போகலாமா?

பதில்: போங்கள். அந்த அரை நாளில் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கலோச்சாவிலுள்ள மிளகாய் அருங்காட்சியகத்தை விடுங்கள், குதிரைகளை விடாதீர்கள்.

முதலில் மகளின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. கலோச்சாவைச் சுற்றியிருப்பது ஹங்கேரியப் பெருஞ்சமவெளி. அதன் மேய்ச்சல் வெளியைப் 'புஸ்தா' என்பார்கள். வெறுமையானது என்றே அந்தச் சொல்லுக்குப் பொருள். அங்கே குதிரை மந்தை மேய்ப்பவர் 'சிக்கோஷ்', குதிரைக்குட்டியைக் குறிக்கும் 'சிக்கோ' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நீல நிறத் தொளதொள உடையும் கறுப்புத் தொப்பியுமாக வருவார்கள். கையிலிருக்கும் நீளச் சாட்டை அடிப்பதற்கல்ல, ஓசை எழுப்பி மந்தையைத் திருப்புவதற்கு. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போதுதான் அந்தப் 'படீர்' வருகிறது.

வித்தையின் நடுவில் குதிரையைத் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் நின்று சாட்டையைச் சொடுக்குவார்கள். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். மரமோ பாறையோ இல்லாத வெளியில் எதிரி கண்ணில் படாமல் ஒளிய வேறு வழியில்லை, அதற்காகப் பழக்கியது என்று சொல்வார்கள். சத்தத்துக்கு மிரளாத குதிரை என்று காட்டுவதும்தான் நோக்கம். மகளிடம் குதிரையின் காதையும் வாலையும் கவனிக்கச் சொல்லுங்கள். காதைப் பின்னுக்கு ஒட்ட மடக்கி, வாலை விசுக் விசுக்கென்று வீசிக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்படித் தெரிந்தால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

சேணத்தையும் பாருங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் அதற்குக் கிடையாது, முதுகின் மேல் சும்மா போட்டிருப்பார்கள். நீங்களோ நானோ ஒரு பக்க வளையத்தில் கால் வைத்து ஏறப்போனால் சேணத்தோடு கீழே விழுவோம். அவர்கள் தாவி ஏறுவார்கள். என்னைக் கேட்டால், கைதட்டல் வாங்கும் வித்தைகளைவிட இதுதான் பெரிய வித்தை.

கடைசியில் 'புஸ்தா ஐந்து' வரும். பின்னால் இரண்டு குதிரைகள், முன்னால் மூன்று. பின்னிரண்டில் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கால் வைத்து நின்றபடி, ஐந்தின் கடிவாளத்தையும் ஒரே ஆள் பிடித்துக்கொண்டு பாய்ச்சலில் வருவார். ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று வழிகாட்டி சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய ஓவியர் லூட்விக் கோக் வரைந்த ஒரு படத்திலிருந்து பிறந்தது இது. 1950-களில்தான் ஒரு ஹங்கேரியக் குதிரைக்காரர் அதை நிஜத்தில் செய்து காட்டினார். ஆனால் நேரில் பார்க்கும்போது அந்த வயதெல்லாம் யாருக்கும் நினைவில் இருக்காது.

அம்மாவுக்கு: கலோச்சா ஊர் ஆற்றங்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வித்தை நடக்கும் பண்ணையும் ஊருக்கு வெளியே. எல்லாமே பேருந்துப் பயணம்தான், அதனால் நடை குறைவு. உட்காருவது பெரும்பாலும் மரப் பலகையில். ஒரு தலையணையும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூன் வெயிலும் புழுதியும் சேர்ந்தே வரும். அப்புறம் குதிரை வண்டிச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். வண்டியின் படி உயரம், அதை அம்மா தவிர்க்கட்டும்.

சாப்பாட்டில்தான் உண்மையான சிக்கல். வரவேற்பில் பழச் சாராயமான 'பாலிங்கா'வும் 'போகாச்சா' என்ற உப்பு ரொட்டியும் தருவது வழக்கம். போகாச்சாவில் பன்றிக்கொழுப்புப் பொரியல் சேர்த்த வகை ஒன்று உண்டு. அந்தப் பொரியலுக்குப் பெயர் 'தெபெர்த்தோ'. "தெபெர்த்தோ இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். ரொட்டியில் வெள்ளையாகத் தடவி, மேலே வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தால் வெண்ணெய் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அது பன்றிக்கொழுப்பு.

மிளகாய்த்தூள் வாங்குவதென்றால் பொட்டலத்தில் 'ஏதெஷ்' என்று இருந்தால் காரமில்லாதது, 'சீபோஷ்' என்றால் காரமானது. நம் காஷ்மீரி மிளகாய்த்தூள் போல நிறத்துக்கு நல்லது. கொதிக்கும் எண்ணெயில் நேராகப் போட்டால் கருகிக் கசக்கும், அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போடுங்கள். பூவேலை செய்த துணி வாங்கினால் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், கைவேலையா இயந்திர வேலையா என்று அங்கே தெரிந்துவிடும். ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரின்ட்தான். கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் ஹங்கேரி இருக்கிறது, பெல்கிரேடு இருக்கும் செர்பியா இல்லை. பெல்கிரேடு போய் மறுபடி புடாபெஸ்ட் வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா உங்களுக்குப் போதாது, பலமுறை நுழையும் விசாவுக்கே விண்ணப்பியுங்கள். செர்பியாவுக்கான விதியையும் டிக்கெட் போடும் முன்பே அவர்கள் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.