செகண்டு கியர் கடிக்குதா? கோபாலபுரம் பட்டறையிலிருந்து பதில்கள்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம பட்டறை. வாசல்ல நிக்கற வண்டியில பாதி டி.என். 41, பாதி கே.எல். 70. கியர் ஆயில் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல முக்கியமானதை எடுத்துப் பதில் போட்டிருக்கேன். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

வேலந்தாவளத்துத் தம்பி: ஸ்விஃப்ட் வச்சிருக்கேனுங்ணா. எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி டார்க் (இழுவை) ஏத்தியாச்சு. ஜிஎல்-4ஐ விட ஜிஎல்-5 ஒசத்தி, ஃபாஸ்ட் வண்டிக்கு அதுதான் போடணும்னு கடைக்காரர் சொல்றாரு. போடலாமுங்களா?

வேண்டாம் தம்பி. கியர் ஆயில் டப்பாவுல போட்டிருக்கற ஜிஎல் நம்பர், நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ் மாதிரி இல்ல. எந்த வேலைக்குச் செஞ்ச ஆயில்னு சொல்றதுதான் அது.

ஜிஎல்-5 பொறந்தது ஹைப்பாய்டு கியருக்காக. ஜீப், லாரி பின்னாடி டிஃபரன்ஷியல்ல பினியன்ங்கற சின்னக் கியர், கிரௌன் வீல்ங்கற பெரிய கியரோட நடுக்கோட்டுக்குக் கீழ தள்ளி உக்காந்திருக்கும். பல்லு மேல பல்லு அழுத்திக்கிட்டே உரசி வழுக்கிப் போகும். சாதா ஆயில் அங்க நிக்காது, பிதுங்கி ஓடிடும். அதனால கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்தைச் சேர்க்கறாங்க. சூட்டுலயும் அழுத்தத்துலயும் அது இரும்பு மேல மெல்லிசா ஒரு படலம் கட்டும். ஜிஎல்-4ல இருக்கற மாதிரி ஏறக்குறைய ரெண்டு மடங்கு மருந்து ஜிஎல்-5ல இருக்கும்.

இப்ப உன் கியர் பாக்ஸுக்குள்ள வா. செகண்டு போடும்போது முதல்ல வேலை செய்யறது பித்தளை சிங்க்ரோ ரிங். அது கியரோட கோனை இறுக்கிப் புடிச்சு, ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்தப்புறம்தான் கியரைப் பூட்டற ஸ்லீவுக்கு வழி விடும். அதாவது சிங்க்ரோவுக்கு வேணுங்கறது பிடிப்பு, வழுக்கல் இல்ல. நீ நல்லா வழுக்கற ஆயிலை ஊத்துனா ரிங் புடிக்காம நழுவும். வேகம் சேராமயே ஸ்லீவு போய் முட்டும். அப்ப வர்ற சத்தம்தான் ‘கிர்ர்’, கியர் கடிக்குதுன்னு சொல்றது. போதாததுக்குப் பழைய ரக ஜிஎல்-5ல இருந்த கந்தகம் சூட்டுல பித்தளையையே அரிச்சிடும். இப்ப வர்றதுல அந்த அரிப்பு வெகுவாக் குறைஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா பித்தளை கரையலைங்கறதாலயே சிங்க்ரோ புடிச்சிடும்னு அர்த்தமாகாது.

முன் சக்கரம் இழுக்கற ஸ்விஃப்ட்ல டிஃபரன்ஷியலும் அதே ஹவுசிங்லதான் இருக்கு. ஆனா அது ஹைப்பாய்டு கிடையாது, சாதா ஹெலிக்கல் பல்லு. அதுக்கு ஜிஎல்-4 தாராளம். ரீமேப் டார்க்கைத்தான் ஏத்துச்சு, பல்லோட வடிவத்தை மாத்தலை.

நானும் ஒருக்கா மாட்டுனவன்தான். ஆரம்ப காலத்துல என் சொந்த எஸ்டீமுக்கு, டிஃபரன்ஷியலுக்குன்னு வாங்கி வச்சிருந்த 80டபிள்யூ-90 (இது ஆயிலோட கெட்டி அளவு) ஜிஎல்-5ஐ ஊத்தி, ராத்திரியோட ராத்திரியா வால்பாறை ஏறுனேன். ஆழியாறுல இருந்து நாப்பது கொண்டை ஊசி. ஒவ்வொண்ணுலயும் மூணுல இருந்து ரெண்டுக்கு வரணும், ஒவ்வொண்ணுலயும் கிர்ர். பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் எண்ணிக்கிட்டே வந்தான். ஆயிலை மாத்துனப்புறம் முக்கால்வாசி சரியாச்சு, மீதி கால்வாசி வண்டியை விக்கற வரைக்கும் இருந்துச்சு.

கொழிஞ்சாம்பாறை: எங்க அண்ணன் துபாய்ல சுபாரு வச்சிருக்கான். அவன் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5தான் போடறான், வண்டி நல்லா ஓடுதே?

ஓடத்தான் செய்யும். சுபாருவுல முன் டிஃபரன்ஷியல் ஹைப்பாய்டு, அதுவும் கியர் பாக்ஸோட ஒரே ஆயில்ல முங்கிக் கிடக்கு. அதனால கம்பெனியே 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கேக்குது, சிங்க்ரோவையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் செஞ்சிருக்கான். அங்க ஜிஎல்-4 ஊத்துனா டிஃபரன்ஷியல் பல்லு போயிடும். நான் ஜிஎல்-5க்கு எதிரி இல்லீங்க. வண்டியோட கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான். அமெரிக்க மசில் கார்ல (பெரிய எஞ்சின் வச்ச வேக வண்டி) வந்த டி56 கியர் பாக்ஸ் ஆட்டோமேட்டிக் வண்டிக்கான ஏடிஎஃப் ஆயில்ல ஓடுது, தெரியுமா?

வால்பாறை எஸ்டேட்: எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 ஊத்தறோம். கியருக்கு 90ன்னா தேன் மாதிரி கெட்டியா இருக்குமே? இங்க காலைல ஃபர்ஸ்ட், செகண்டு விழவே மாட்டேங்குது.

ரெண்டு அளவுகோலும் வேற வேறங்க. சூடான நிலையில 75டபிள்யூ-90 கியர் ஆயில், எஞ்சின் ஆயில்ல கிட்டத்தட்ட 40 கிரேடு அளவு கெட்டிதான். தேன் எல்லாம் இல்ல.

உங்க தொந்தரவுக்குக் காரணம் முன்னாடி இருக்கற நம்பரா இருக்கலாம். 80டபிள்யூவை விட 75டபிள்யூ குளிர்ல இளக்கமா இருக்கும். மார்கழி மாசக் காலைல ஆயில் கெட்டியா இருந்தா சிங்க்ரோ அதைக் கிழிச்சுக்கிட்டுப் போய்க் கோனைப் புடிக்க நேரமாகும். கையேடு 75டபிள்யூ-80 கேட்டா அதையே போடுங்க, ‘கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்’னு 80டபிள்யூ-90க்குப் போகாதீங்க. கெட்டி ஆயில், தேஞ்ச பேரிங்கோட ஊளைச் சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும். செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்கறவங்க இதைக் குறிச்சுக்குங்க.

பொள்ளாச்சி: செட்டிபாளையம் டிராக்ல மாசம் ஒரு தடவை ஓட்டறேன். எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்?

அந்த டிராக், கரி மோட்டார் ஸ்பீட்வே, ஒரு சுத்து 2.1 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு சுத்துக்கும் எத்தனை தடவை கியர் மாத்தறீங்கன்னு எண்ணிப் பாருங்க, கிலோமீட்டர் கணக்கு அங்க உதவாதுன்னு புரியும். நான் வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுவேன். ரோட்டுல மட்டும் ஓடற வண்டிக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர். ஆயுசுக்கும் மாத்தத் தேவையில்லைன்னு எழுதியிருந்தாலும் மாத்துங்க, ரெண்டு லிட்டர் சமாச்சாரம். (மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா கார் கட்டிக் காட்டுன கரிவரதன் பேர்லதான் அந்த டிராக். நம்மூர்ல பாதிப் பேருக்கு இது தெரியல.)

ஜிஎல்-4லயே எஸ்டர் கலந்த முழு சிந்தெட்டிக் கிடைக்குது. டிராக்குக்கு அது நல்லது, சூட்டுல சீக்கிரம் இளகாது. டப்பாவுல ‘ஜிஎல்-4/ஜிஎல்-5’னு ரெண்டும் போட்டிருந்தா நான் கொஞ்சம் யோசிப்பேன். நல்ல ஆயிலும் அதுல உண்டு, ஆனா சிங்க்ரோவுக்குத் தனியா ஜிஎல்-4 கிடைக்கும்போது எதுக்கு ரெண்டு குதிரை?

கிணத்துக்கடவு: ராலிக்கு ஜிப்ஸி ரெடி பண்றோம், எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்தாமக் கட்டுப்படுத்தற டிஃபரன்ஷியல்) மாட்டியிருக்கு. ஒரே ஆயில் போதுமா?

போதாது. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. எல்எஸ்டி உள்ள கிளட்ச் பிளேட் ரகமா இருந்தா, எல்எஸ்னு போட்ட ஆயில் வேணும், இல்லைன்னா திருப்பத்துல கடகடன்னு அதிரும். முழுக்கக் கியராலயே ஆன ரகம்னா அது தேவையில்ல. கேன் மேல பெயிண்ட்ல பெருசா எழுதி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல யாரும் லேபிள் படிக்கறதில்ல.

சித்தூர் (பாலக்காடு): ஹோண்டா சிட்டி மேனுவல். இங்க வொர்க் ஷாப்புல 80டபிள்யூ-90 ஊத்திட்டாங்க சேட்டா, கியர் கல்லு மாதிரி இருக்கு.

உடனே இறக்குங்க. ஹோண்டாவுக்கு அதோட சொந்த எம்டிஎஃப் (மேனுவல் கியர் பாக்ஸ் ஆயில்)தான், ரொம்ப இளக்கமானது. அது கிடைக்காத சமயத்துல தற்காலிகமா 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் ஊத்தலாம்னு கம்பெனியே கையேட்டுல எழுதியிருந்துச்சு, அந்தளவுக்கு.

உடுமலை: போலோ ஜிடி, டிஎஸ்ஜி. அதுக்கும் ஜிஎல்-4தானே?

டிஎஸ்ஜி மேனுவலே இல்லீங்க, ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். தொடாதீங்க.

ஆனைமலை: மாலிப்டினம் பவுடர் ஒரு பாட்டில் கலந்தா கியர் வெண்ணெய் மாதிரி விழும்ங்கறாங்களே?

முதல் பதிலைத் திரும்பப் படிங்க. சிங்க்ரோவுக்கு வெண்ணெய் ஆகாது.

நெம்மாறை: வீட்டுல நானே மாத்தலாமா?

மாத்தலாம். ஆனா ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊத்தற ஓட்டையோட மூடி) முதல்ல கழட்டிப் பாருங்க, அப்புறம்தான் டிரெய்ன் பிளக் (ஆயில் வடிக்கற ஓட்டையோட மூடி). பழைய ஆயிலைக் கீழ விட்டுட்டு ஃபில்லர் பிளக் துரு ஏறி சுத்தலைன்னா வண்டி நின்ன இடத்துலதான். அப்படி ஒருத்தர் வீட்டுக்கு வெல்டிங் மிஷினோட போயிருக்கேன்.

வண்டி மட்டமா நிக்கணும், ஆயில் சூடா இருக்கணும், வாஷர் புதுசா இருக்கணும். பெரும்பாலான வண்டியில ஃபில்லர் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் வந்தா அளவு சரி. டிரெய்ன் பிளக் மேக்னட்ல கருப்பா மை மாதிரி ஒட்டியிருந்தா பயப்படாதீங்க, அது தேய்மானம். சில்லு சில்லா இரும்பு வந்தா பாக்ஸைப் பிரிக்கணும். ஆயில்ல தங்கத்தூள் மாதிரி மின்னுனா அது பித்தளை, சிங்க்ரோ கரையுது.

மீனாட்சிபுரம்: மூணு தடவை மூணு ஆயில் மாத்திட்டேனுங்க. ரிவர்ஸ் போட்டா இன்னும் கத்துது.

நிறைய வண்டியில ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. கிளட்சை முழுசா மிதிச்சு, நியூட்ரல்ல அஞ்சு செகண்டு வச்சிருந்துட்டு அப்புறம் போட்டுப் பாருங்க. அப்பவும் கத்துனா கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். கேபிளைப் பாருங்க, ஹைட்ராலிக்னா காத்து ஏறியிருக்கா பாருங்க. அதுக்கும் முன்னாடி பெடலுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க. போன மாசம் இதே புகாரோட வந்த ஒரு வண்டியில ஒண்ணு மேல ஒண்ணா மூணு மேட் கிடந்துச்சு. ரெண்டை உருவிக் கையில குடுத்து அனுப்புனேன்.