தேர்ந்தெடுக்காத துணை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பிரான்சின் லியோன் நகரில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. போன வாரம் இங்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு அமெரிக்கப் பையன்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மோர்மன் மிஷனரிகள், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவச் சபையின் பிரசாரகர்கள். வயது பதினெட்டு, பத்தொன்பதுதான் இருக்கும். சபை விதிப்படி தேநீர் குடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் தேநீர் நீட்டினேன். ஒருவன் முகம் சிவந்துபோய் வேண்டாமென்றான். கிளம்பும்போது ஃபோன் நம்பர் கேட்டார்கள். தப்பான நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் படிப்பு ஏறாத பிள்ளைகளை மூளைச்சலவை செய்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இரக்கப்பட்டால் மதமாற்றத்துக்குத் துணைபோனதாக ஆகாதா? பலதார மணம், கறுப்பின மக்களை ஒதுக்கியது என்று அந்தச் சபையின் வரலாறும் சரியில்லை. (என் அறைத்தோழன் அன்றைக்கு உள்ளேதான் இருந்தான். நாங்கள் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அதனால் நான் ஒருவனே சமாளிக்க வேண்டியதாகிவிட்டது.) உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்களுக்குப் பதில் எழுதக் காரணம் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன அந்த ஒரு வரி. கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருக்கிற விஷயம் அதில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த நம்பர். நீங்கள் கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். விருப்பமில்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பிரான்சில் அந்தப் பெடியன்கள் காலையிலிருந்து இரவு வரை கேட்கிற சொல் அதுதான், அதைத் தாங்கப் பழகியிருப்பார்கள். பொய் நம்பர் அப்படியில்லை. இரவு அறைக்குத் திரும்பி, இன்றைக்கு ஒரு மனிதர் நம்மோடு நின்று கதைத்தார், நம்பரும் தந்தார் என்று எழுதிவைத்திருப்பார்கள். மறுநாள் அழைத்தும் பார்த்திருப்பார்கள். தேநீரை நீட்டியது அதைவிட மோசம். ஒருவருடைய நோன்பைத் தெரிந்துகொண்டு அவர் முன்னால் தட்டை நீட்டுகிற வேலை அது. உங்கள் வீட்டில் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

படிப்பு ஏறாதவர்கள் என்று யார் சொன்னது? மிட் ரோம்னி 1966 முதல் 1968 வரை இதே பிரான்சில் கதவு தட்டியவர். பிறகு ஹார்வர்டில் படித்து, மாசசூசெட்ஸ் ஆளுநராகி, 2012இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். உங்கள் வாசலில் நின்றவர்களில் ஒருவன் நாளைக்கு மருத்துவனாக இருப்பான். பலதார மணத்தை 1890இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தர 1978 வரை மறுத்தார்கள். இரண்டும் உண்மை, இரண்டாவது பெரிய அநீதி. அதற்கான கேள்வியை சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமையிடம் கேளுங்கள். 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளையின் கையில் தேநீரைக் கொடுத்துக் கேட்கக் கூடாது. மதமாற்றம் பற்றி நான் வேறு இடங்களில் நிறைய எழுதியாயிற்று.

சரி, இனி அந்த வரி.

தொண்ணூறுகளில் நாங்கள் பாரிஸின் வடக்குப் புறநகரில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் உணவகங்களில் கோப்பை கழுவுகிற வேலை. பாதிப் பேருக்குக் கனடா போகிற யோசனை, அதனால் ஆங்கிலம் வேண்டும். மோர்மன் பெடியன்கள் தங்கள் சபை மண்டபத்தில் காசில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். ஒருவன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து வந்தவன், நெட்டை. மற்றவன் யூட்டாவில் நகரத்துப் பிள்ளை, சட்டைக் கையின் மடிப்புக்கூடக் கலையாது. நெட்டையனின் சப்பாத்து ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருக்கும், மழை நாளில் உள்ளே காகித அட்டை வைத்திருப்பான். அவர்களின் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் ஒரே தரம். அதனாலேயே நன்றாகக் கதைத்தோம்.

அவர்களுடைய நாளை எனக்கு அவர்களே சொன்னார்கள். காலை 6:30க்கு எழும்ப வேண்டும். உடற்பயிற்சி, வேத வாசிப்பு, மொழிப்படிப்பு. பிறகு இரவு வரை தெரு. 10:30க்கு விளக்கணைப்பு. திங்கட்கிழமைதான் உடுப்புத் தோய்க்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும். தாயோடு தொலைபேசியில் கதைப்பது வருஷத்தில் இரண்டு தடவை, நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். 2019 பெப்ரவரியில்தான் வாரா வாரம் அழைக்கலாம் என்று விட்டார்கள். அந்தத் தொண்ணூறுகளில் எங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. எங்கள் இணைப்பை யுத்தம் அறுத்தது, அவர்களுடையதைச் சபை விதி நிறுத்தியது. அந்த விதி தேவையில்லாத கொடுமை என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். செலவும் அவர்களுடையதுதான். அமெரிக்கப் பிள்ளைகளின் குடும்பங்கள் மாதம் 400 டாலர் கட்டின, 2020இல் அதை 500 ஆக்கினார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம், பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாட்டுக்கு என்பதைச் சபைதான் முடிவுசெய்யும்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். என்னை அசைத்தது வேறொன்று. அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. மேலிடம் சோடி சேர்த்துவிடும். சேர்ந்த நிமிஷத்திலிருந்து ஒருவர் கண்ணில் படாமல் மற்றவர் இருக்கக் கூடாது. குளியலறை மட்டும்தான் விதிவிலக்கு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவனோடுதான் சாப்பாடு, அவனோடுதான் தெரு, அவன் குறட்டையில்தான் தூக்கம்.

ஒரு திங்கட்கிழமை சலவைக் கடையில் இருவரையும் கண்டேன். வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டே யூட்டாப் பெடியன் சொன்னான், வாரத்துக்கு ஒரு தடவை அவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டுமாம். முதலில் ஜெபம். பிறகு அந்த வாரம் மற்றவனிடம் பிடித்தது என்ன, உறுத்தியது என்ன என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நெட்டையன் சவரம் செய்யும்போது சீட்டியடிப்பான், அது இவனுக்கு ஆகாது. அதைச் சொன்னானாம். நெட்டையன் நிறுத்திவிட்டான். நெட்டையனுக்கு, தன்னுடைய பிரெஞ்சை மற்றவர்கள் முன்னால் இவன் திருத்துவது பொறுக்கவில்லை. அதையும் சொன்னானாம். "அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவன் சொன்னது சரி" என்றான். பக்கத்தில் நின்ற நெட்டையன் ஒன்றும் பேசாமல் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி, அதே மாதம் எங்கள் அறையில் ஒரு பால்மா டின்னில் சண்டை வந்தது. யாரோ ஒருவர் இன்னொருவருடைய டின்னிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்தவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லை. டின்னில் பேனையால் கோடு போட்டார்கள். பிறகு டின்னைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பிறகு கதை நின்றது. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே படகில் ஊரைவிட்டு வந்தவர்கள். அந்த இருவரும் இன்றும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் எதிரெதிராக வந்தால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போகிறார்கள். இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இதைத்தான் நாம் பொறுமை என்று கொண்டாடுகிறோம். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கணவனுக்கு, மனைவியை உறுத்துவது எது என்று தெரியாது. அவள் தன் அக்காவிடம் சொல்வாள், கோயிலில் சொல்வாள், அவனிடம் சொல்ல மாட்டாள். அண்ணனும் தம்பியும் வேலிக்கு வழக்குப் போடுவார்கள், ஆனால் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, நீ அன்றைக்குச் சொன்ன சொல் என்னைச் சுட்டது என்று சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்காரன், சொல்லாமல் இருந்தால் பெரிய மனிதன். இந்தப் பெரிய மனிதத்தனத்தால் நாசமாய்ப்போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் வருகிறது. பத்தொன்பது வயசில், தூர தேசத்தில், தான் தேர்ந்தெடுக்காத ஒருவனிடம் வாரா வாரம் அதைச் சொல்லப் பழகுகிறார்கள், கேட்கவும் பழகுகிறார்கள். கேட்பது இன்னும் கஷ்டம். மூளைச்சலவை என்கிறீர்கள். இதைக் கற்றுக்கொடுத்தவர்களை அந்த ஒரு சொல்லால் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தங்கள் வேதம் பொறிக்கப்பட்டிருந்ததாக அவர்கள் சொல்கிற தங்கத் தகடுகளை நான் நம்பவில்லை, அவர்களுடைய சபையில் சேரவுமில்லை. சேரச் சொல்லி அந்த இருவரும் கேட்டார்கள், வேண்டாமென்றேன். வகுப்பு நிற்கவில்லை.

எல்லாச் சோடியும் இப்படி இருந்திருக்காது. ஒருவனையொருவன் வெறுத்துக்கொண்டே நாள் எண்ணியவர்களும் இருப்பார்கள், பாதியில் வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் உட்காருவதற்கு அவர்களுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்களே. நமக்கு யார் குறித்தார்கள்?

உங்கள் அறைத்தோழனோடு என்ன பிரச்சினை என்று நீங்கள் எழுதவில்லை. கழுவாத சட்டியாக இருக்கும், மின்சாரக் காசாக இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியை எடுத்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய் உட்காருங்கள். முதலில் அவரைச் சொல்ல விடுங்கள். அவர் முடிக்கும் வரை விளக்கம் சொல்லாதீர்கள்.

அந்தப் பெடியன்கள் உங்களிடம் ஓர் அட்டை தந்திருப்பார்கள். அதில் உள்ள இலக்கத்துக்கு உங்கள் உண்மையான நம்பரிலிருந்து, நான் தந்தது பொய் நம்பர், மன்னியுங்கள், எனக்கு மதத்தில் ஈடுபாடில்லை, வர வேண்டாம் என்று எழுதுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொரு தடவை அவர்களுக்கு இடமாற்றம் வரும். நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால், முகம் சிவந்த அந்தப் பிள்ளை வேறு ஊருக்குப் போய்விடுவான்.

அன்புடன்