மாணவர் கணக்கிலிருந்து நேராக ரூட்: லேபில் இருக்கும் பழைய உபுண்டுவை என்ன செய்வது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு என்னுடையது. 40 கணினிகள், உபுண்டு 16.04, 18.04, 20.04 என்று கலந்து கிடக்கின்றன. மாணவர்களுக்கு ஒரே பொதுக் கணக்கு, சுடோ உரிமை (அட்மினாகக் கட்டளை ஓட்டும் உரிமை) கிடையாது. போன வாரம் ஒரு பையன் பாஸ்வேர்டே போடாமல், "சார், ரூட் கிடைச்சிட்டு" என்று திரையைக் காட்டினான், அதாவது கணினியில் எதையும் செய்யக்கூடிய முழு அட்மின் கணக்கு. பிகேஎக்ஸெக் ஓட்டையாம். அப்டேட் போட்டால் போதுமா, எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்ய வேண்டுமா? லேபில் நெட் ரொம்ப மெதுவு.

பதில்: அப்டேட் ஓட்டையை அடைக்கும், ஏற்கெனவே உள்ளே வந்தவர் விட்டுப்போனதை எடுக்காது. ஆக இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் கைவைக்க வேண்டியது குளோன் எடுக்கும் மாஸ்டர் இமேஜில், அதாவது எல்லாக் கணினிக்கும் நகலெடுத்துப் போடும் மூலப் பிரதியில். அதை விட்டுவிட்டு 40 கணினியையும் திருத்தினால், அடுத்த செமஸ்டர் குளோன் போட்ட அன்றே ஓட்டை பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பையன் சொல்லும் ஓட்டைக்குப் பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் உள்ள எண் சிவிஇ-2021-4034. பிகேஎக்ஸெக் என்பது ஒரு நிரலை வேறொரு பயனரின் பெயரில், பெரும்பாலும் ரூட்டின் பெயரில், தொடங்கிவைக்கும் சின்ன நிரல். யாருக்கு எந்த உரிமை என்று தீர்மானிக்கும் போல்கிட் தொகுப்போடு வருவது. மெனுவில் சினாப்டிக்கை (மென்பொருள் நிறுவும் நிரல்) சொடுக்கியதும் பாஸ்வேர்டு கேட்கிறதே, அங்கே வேலை செய்வது இதுதான். யார் ஓட்டினாலும் இது ரூட் உரிமையோடுதான் எழும்பும். ஓட்டியவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. தவறு நடப்பது அந்தப் பரிசோதனைக்கும் முன்னால்.

லினக்ஸில் ஒரு நிரல் தொடங்கும்போது கெர்னல் அதன் கையில் இரண்டு பட்டியல்களைக் கொடுக்கும்: ஆர்க்யுமென்ட் பட்டியல் (கட்டளையில் தட்டிய சொற்கள்), நினைவகத்தில் அதை ஒட்டியே என்விரான்மென்ட் பட்டியல் (நிரல் எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்பு மாறிகள்). முதல் பட்டியலின் 0-ஆம் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்ற நம்பிக்கையில் பிகேஎக்ஸெக் 1-ஆம் இடத்திலிருந்து படிக்கிறது. பட்டியலையே காலியாகக் கொடுத்தால் 0-ஆம் இடத்தில் முடிவுக் குறிதான் இருக்கும். 1-ஆம் இடம் என்று அது படிப்பது அடுத்த பட்டியலின் முதல் வரியை. அந்த வரியை 'ஓட்ட வேண்டிய நிரல்' என்று எடுத்துக்கொண்டு, தேடிக் கிடைத்த முழுப் பாதையை அதே இடத்தில் திருப்பி எழுதியும் விடுகிறது. ரூட் உரிமை நிரல்கள் தொடங்கும்போது ஆபத்தான என்விரான்மென்ட் மாறிகள் களையப்படும். இங்கே களைந்த ஒன்றை மறுபடி உள்ளே நுழைக்க வழி கிடைத்துவிடுகிறது. ஜிகான்வ்-பாத் என்ற மாறியை நுழைத்தால் போதும். பிழைச் செய்தியை வேறு எழுத்துக் குறியீட்டில் காட்டப்போகும்போது, அந்த மாறி காட்டும் கோப்புறையிலிருந்து ஒரு நூலகக் கோப்பை பிகேஎக்ஸெக் ஏற்றும். கோப்பு பையனுடையது, ஓடுவது ரூட்டாக.

2009 மே மாதம் வந்த பிகேஎக்ஸெக்கின் முதல் பதிப்பிலேயே இந்த ஓட்டை இருந்தது. குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியிட்டது 2022 ஜனவரி 25 அன்று. அதிர்ஷ்டத்தை நம்பி நினைவகத்தைக் குலைக்கும் வகை அல்ல என்பதால் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பலிக்கும். போல்கிட் சர்வீஸை நிறுத்திவைத்தாலும் பலிக்கும். அந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி சோதனை. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பலர் ஏமாறுவது 'பிகேஎக்ஸெக் --வெர்ஷன்' என்று கேட்டுத்தான். திருத்தியதும் திருத்தாததும் ஒரே மாதிரி 0.105 என்றே பதில் சொல்லும், ஏனென்றால் உபுண்டுவும் டெபியனும் பழைய பதிப்பிலேயே ஒட்டுப்போட்டுத் தருகின்றன. 'டிபிகேஜி -எல் பாலிசிகிட்-1' என்று கேளுங்கள் (பிகேஎக்ஸெக் இருக்கும் போல்கிட் தொகுப்புக்கு இங்கே அதுதான் பெயர்). 18.04-இல் 0.105-20உபுண்டு0.18.04.6, 20.04-இல் 0.105-26உபுண்டு1.2, டெபியன் 11-இல் 0.105-31+டெப்11யூ1, இவையோ இவற்றுக்குப் பிந்தியவையோ இருந்தால் அடைபட்டது. 22.04 வெளிவரும்போதே திருத்தத்தோடு வந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளப் பள்ளிகளுக்காக வந்த லினக்ஸை யாராவது பென் டிரைவில் கொண்டுவந்து போட்டிருந்தால் அதன் அடிப்படை உபுண்டுதான். தமிழக அரசு மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸின் அடிப்படை டெபியன். அவற்றிலும் இதே கட்டளையால் பார்க்கலாம்.

18.04-க்கும் 20.04-க்கும் பொது ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்றாலும் திருத்தம் அதற்கு முன்பே வந்ததால் தொகுப்புகளை இறக்கி நிறுவும் சாதாரண 'ஆப்ட்' கட்டளை வழியாகவே கிடைக்கும். நெட் மெதுவு என்கிறீர்களே, ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (இறக்கிய தொகுப்புகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் நிரல்) நிறுவி, மற்றவற்றின் ஆப்ட் ப்ராக்ஸியாக அதன் முகவரியையும் 3142 போர்ட்டையும் கொடுங்கள். ஒவ்வொரு தொகுப்பும் வெளியிலிருந்து ஒரே தடவைதான் இறங்கும். பென் டிரைவில் எடுத்துப்போய்ப் போடுவதானால் பாலிசிகிட்-1 மட்டும் போதாது, 'லிப்போல்கிட்' என்று தொடங்கும் துணைத் தொகுப்புகளும் அதே பதிப்பில் வேண்டும். ஐப்பசி மழையில் நம்மூர் கரண்டை நம்பி யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். நடுவில் நின்றுபோனால் 'சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' ஓட்டிவிட்டு மறுபடி பதிப்பைப் பாருங்கள்.

16.04 தான் வம்பு. அதன் பொது ஆதரவு 2021 ஏப்ரலோடு முடிந்தது. திருத்தம் நீட்டித்த ஆதரவில் மட்டும் வந்தது. ஆப்ட் 'எல்லாம் புதிதாக உள்ளது' என்று கூசாமல் சொல்லும், ஓட்டை திறந்தே கிடக்கும். அந்த நீட்டித்த ஆதரவைத் தரும் உபுண்டு ப்ரோ தனிநபருக்கு 5 கணினி வரை இலவசம்; லேபுக்கு அது ஆகாது. புதிய பதிப்புக்கு மாறும்வரை இதைச் செய்யுங்கள்: 'சுடோ சிஎச்மோட் 0755 /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக்'. பிறகு அதே கோப்பின் மேல் 'ஸ்டாட்' ஓட்டினால் 4755 என்று இருந்த உரிமை எண் 0755 ஆகியிருக்க வேண்டும், முன்னால் உள்ள 4 தான் ரூட்டாக எழும்பவைப்பது. ரூட் உரிமையோடு எழும்பும் குணமே போய்விடும் என்பதால் தாக்குதலும் பலிக்காது. மெனுவிலிருந்து சினாப்டிக் திறக்காது, டெர்மினலில் சுடோ போட்டுத் திறக்க வேண்டியதுதான். நெட்வொர்க் இணைப்பு, பென் டிரைவ் மவுன்ட், ஷட்டவுன் எதற்கும் கேடில்லை, அவை பிகேஎக்ஸெக் வழியாகப் போவதில்லை. அதே தொகுப்பை மறுபடி நிறுவினால் 4755 திரும்பி வரும். 'டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு' மூலம் 0755-ஐப் பதிந்து வைத்தால் வராது.

ரூட் கிடைத்த கணினிகளுக்கு வருவோம். எந்தெந்தக் கணினியில் முயன்றான் என்று பையனிடமே கேளுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்வான். ஆத் லாகில் (உள்நுழைவு, உரிமைப் பதிவுக் கோப்பு) 'சஸ்பிஷியஸ் கன்டென்ட்' என்ற சொற்கள் உள்ள பிகேஎக்ஸெக் வரி இருந்தால் அது ஒரு தடயம் (லாகில் முதல் சொல் suscipious என்று எழுத்துப்பிழையோடு இருக்கும்). இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, தடயமே விடாமலும் செய்யலாம். பொதுக் கணக்கு வேறு இருப்பதால் யார் செய்தது என்றும் பிரிக்க முடியாது. அதனால் எல்லாவற்றிலும் புது இமேஜ் போட்டுவிடுவதே நல்லது. அப்போது ஹோம் பகுதியை அப்படியே வைத்துக்கொள்வது வழக்கம், அங்கேதான் மாட்டுவீர்கள். ரூட்டுக்குச் சொந்தமான பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) நகல் ஒன்று 4755 உரிமையோடு ஹோமுக்குள் இருந்தால், புது இமேஜிலும் அது ரூட்டைக் கொடுக்கும். 'ஃபைண்ட் /ஹோம் -பெர்ம் -4000' என்று தேடி வருவதையெல்லாம் அழியுங்கள். ஹோம் தனிப் பகுதியாக இருந்தால் எஃப்எஸ்டேபில் (எந்தப் பகுதி எப்படி மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) 'நோசூயிட்' சேருங்கள், ரூட்டாக எழும்பும் குணம் அங்கே செல்லாது. 40 கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு என்றால் அதையும், அந்தக் கணினிகளில் ஆசிரியர்கள் தட்டிய மெயில், மதிப்பெண் பக்கப் பாஸ்வேர்டுகளையும் மாற்றச் சொல்லுங்கள்.

இமேஜ் திறந்திருக்கும்போதே சுடோவையும் பாருங்கள், அதிலும் ரூட் கொடுக்கும் ஓட்டைகள் உண்டு. சிவிஇ-2021-3156 பழைய உபுண்டுகளைப் பிடிக்கும். சிவிஇ-2025-32463 சுடோ 1.9.14 முதல் 1.9.17 வரை பிடிக்கும், 24.04-க்கு மாறியவர்களையும் சேர்த்து. இரண்டுக்கும் திருத்தம் வந்தாயிற்று. பயாஸுக்கும் க்ரப்புக்கும் (கணினி தொடங்கும்போது எதைப் பூட் செய்வது என்று கேட்கும் மெனு) பாஸ்வேர்டு போடவில்லை என்றால் அதையும் இதோடு முடித்துவிடுங்கள். ரெக்கவரி மோடிலோ பென் டிரைவிலோ பூட் செய்யத் தெரிந்தவனுக்கு எந்த ஓட்டையும் தேவையில்லை.