பூந்திக்கொட்டைக் கரைசல் நாறுவதும் வெள்ளைத் துணி மங்குவதும்

வணக்கம். துணி துவைக்கக் காய்ச்சி வைத்த பூந்திக்கொட்டைக் (சோப்புக்காய்) கரைசல் இரண்டே நாளில் நாறுகிறது, போர் தண்ணீரில் துவைத்த வெள்ளைச் சட்டைகள் மங்குகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கொட்டையைக் குறை சொல்லாதீர்கள். அதன் தோலில் நுரை தரும் சபோனினோடு சர்க்கரையும் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் அது புளிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விதையில் நுரை கிடையாது, எடுத்துவிடுங்கள். 10, 12 தோல்களை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் நன்றாகப் பிசைந்து வடிகட்டுங்கள். அன்றைக்குத் தேவையானது போக மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கெடுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

உங்கள் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியில் படியும். சபோனின் அப்படித் திரியாது. ஆனால் கரைசலே பழுப்பு நிறம், கடைத் தூளில் இருக்கும் வெண்மையூட்டியும் இதில் இல்லை. ஆகவே வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் அவ்வப்போது சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். பட்டுக்கு இந்தச் சோடா வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அந்தச் சோடாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், மண் கெடும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் வாழைக்குப் போகலாம். மீன் தொட்டிப் பக்கம் மட்டும் கூடாது: சபோனின் மீனின் செவுளைத் தாக்கும்.